படுக்கை அறையிலிருந்து முப்பது அடி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், அவருக்கு முழங்கால் வலி, எனக்கு அவரைத் திட்டித் திட்டி வாய் வலி, மற்றபடி உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே நல்லபடியாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒரு வார்த்தை பேச வழியில்லை. இதை எழுதுவது அவருக்குத் தெரியாது, முழங்காலுக்கு மருந்து வாங்கப் போயிருக்கிறார். உறைக்குள் கூடவே ஒரு படிவம் வைத்திருக்கிறேன், அதை இப்போதே எடுத்துப் படிக்காதே, முதலில் நான் சொல்வதைக் கேட்டு முடி. போன ஞாயிறு நீ, "அப்பா ஏம்மா பேசவே மாட்டேங்கறார், உடம்பு ஏதும் சரியில்லையா" என்று கேட்டாய், நான் "தொண்டை கட்டியிருக்குடி" என்றேன். அது பொய். நம் ராங்கியை இந்த வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு வந்திருக்கிறது. அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதி கெடு.

ராங்கியை நீ போனில்தான் பார்த்திருக்கிறாய். நீ பள்ளிக்கூடத்துப் பாடம் எழுதும்போது கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொள்வாயே ஒரு மாடு, அதன் பேத்தி இவள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள், கொஞ்சினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அதனால்தான் உன் அப்பா ராங்கி என்று பெயர் வைத்தார். இப்போது எட்டு மாதச் சினை. பால் வற்றிவிட்டது, வயிறு இரண்டு பக்கமும் தொட்டில் மாதிரித் தொங்குகிறது, படுத்தால் எழுந்திருக்க நேரமாகிறது. இந்த நிலைமையில் லாரியில் ஏற்றினால் கன்றும் தங்காது, தாயும் தங்குவாளா தெரியாது. மாட்டுத் தரகர் இரண்டு தடவை வந்து வாசலில் நின்று வயிற்றையே பார்த்துவிட்டுப் போனார். "வற்றின மாட்டை யாரும்மா வளக்கறதுக்கு வாங்குவாங்க, நகரத்துல இருந்து இப்படிக் கெடு வெச்சுத் தள்ளுற மாடெல்லாம் இப்ப எடைக்குத்தான் போகுது" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். எடைக்கு என்றால் என்னவென்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவரைத் திட்டி அனுப்பினேன், ஆனால் அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை.

இது எப்படி வந்தது என்று கேட்பாய். நம் வீட்டுக்குப் பின்னால் நாலு மாடி அடுக்குமாடி வந்தது உனக்குத் தெரியும். அங்கே குடிவந்தவர்கள் முதல் வருஷம் காலையில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நம் கொட்டகை வாசலில் வரிசையில் நின்றார்கள், கறக்கிற பால் நுரையோடு வேண்டுமாம், தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து மாட்டைக் காட்டிப் படம் எடுத்தார்கள். இரண்டாம் வருஷம் சாணி நாற்றம் என்றார்கள். மூன்றாம் வருஷம் ஈ என்றார்கள். பால் வாங்குவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. அவர்கள் சங்கத்துச் செயலாளர் ஒருநாள் பாலை வாங்கி மூடியைத் திருகிக்கொண்டே, "உங்க பாலுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாதும்மா, ஆனா இதே பால் கொஞ்சம் தூரத்துல இருந்து வந்தா நல்லா இருக்கும்" என்றார். நான் சிரித்துவிட்டேன், அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, இருநூறு கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறார். பிறகு ஒருநாள் நம் தெருவைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றிவிட்டதாக நம் கதவிலேயே ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். நாம் இங்கே குடிவந்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது, அதுவரை நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அவர்கள் நினைத்தார்களோ. அந்தத் தாளில் விதிகள் போட்டிருந்தன. வீட்டு மனையில் கால்நடை வளர்க்க இவ்வளவு இடம் வேண்டும், ஒரு மாட்டுக்கு மேல் கூடாது, கழிவுநீர் தெருவில் இறங்கக் கூடாது, ஆட்கள் படுத்து உறங்கும் எந்த அறைக்கும் கொட்டகைக்கும் நடுவில் முப்பது அடி இருக்க வேண்டும். படித்ததும் எனக்குப் பயமே வரவில்லை. இடம் இருக்கிறது, மாடு ஒன்றுதான், கழிவுநீருக்கு அப்பா தன் கையாலேயே குழி வெட்டிக் கட்டிவைத்திருக்கிறார், வீட்டுச் சுவரிலிருந்து கொட்டகை முப்பத்தாறு அடி. நான் கணக்கில் சேர்க்காமல் விட்டது உன் அறையை.

உன் அறையை நீ போட்டோவில் பார்த்ததுதான். நீ வெளிநாடு போன இரண்டாம் வருஷம், "அவ குடும்பத்தோட வந்தா கூடத்துலயா படுக்க வைப்பே" என்று அவரே மண் வெட்டி, அவரே செங்கல் அடுக்கி, பின்பக்கம் கொட்டகையைப் பார்த்த மாதிரி கட்டினார். ஊருக்கெல்லாம் வீடு கட்டிய கொத்தனார், சம்பளம் வாங்காமல் கட்டிய அறை அது ஒன்றுதான். ஜன்னலை இடுப்பு உயரத்துக்குக் கீழே இறக்கி வைத்தார். ஏன் இவ்வளவு தாழ்வாக வைக்கிறீர்கள், நாய் உள்ளே குதிக்கும் என்றேன். "படுத்துக்கிட்டே பாப்பாவுக்கு மாட்டு முகம் தெரியணும்" என்றார், அவருக்கு இன்னும் நீதான் பாப்பா. கட்டி முடித்ததும் நீ என்றைக்காவது உரிமையோடு வந்து நிற்க வேண்டும் என்று அந்தப் பின்பக்கத்து மனையையும் அறையையும் உன் பெயருக்கே எழுதிவைத்தார். உள்ளே ஒரு கட்டில், மெத்தைமேல் கடையில் சுற்றிக்கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கவில்லை, ஒரு மேசை விசிறி, குட்டிக்கு ஒரு சின்ன நாற்காலி. அந்த நாற்காலியில் உட்காரும் வயதை அவள் தாண்டிவிட்டாள். மழைக்காலத்தில் தவிட்டு மூட்டை நனைகிறது, அந்த அறையில் ஒரு ஓரமாக வைக்கிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டேன், விடவே மாட்டார். இந்தத் தடவை அடைமழையில் அவருக்குத் தெரியாமல் ஒரு மூட்டையைக் கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் சாய்த்துவைத்தேன். அந்த மூட்டை நம்மைக் காப்பாற்றியிருக்கும்.

அளக்க ஒரு அதிகாரி வந்தார், கூட யாரும் இல்லை. நல்ல மனுஷன், அதையும் சொல்ல வேண்டும். ராங்கியைப் பார்த்ததுமே "சினையாம்மா" என்று கேட்டு நெற்றியைத் தடவிக்கொடுத்தார், இவள் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் உன் அப்பாவையே பிடிக்கச் சொன்னார். முதலில் வீட்டுச் சுவர், முப்பத்தாறு, சரி. அப்புறம் உன் அறைச் சுவர். அதிகாரி டேப்பைத் தொளதொளவென்று பிடித்திருந்தார், நம் ஆளுக்குப் பொறுக்குமா, "சார், டேப் தொய்யுது, இழுத்துப் பிடிங்க, அளவு தப்பா வரும்" என்றார். எனக்கு அங்கேயே அவர் மண்டையில் ஒன்று போடலாமா என்றிருந்தது. இழுத்துப் பிடித்ததில் இருபத்திரண்டு அடியும் மூன்று விரலும். அதிகாரி எழுதாமல் நின்றார். அறைக் கதவைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தார், உறை பிரிக்காத மெத்தையைப் பார்த்தார், தவிட்டு மூட்டையைப் பார்த்தார். வெளியே வந்து என்னிடம் மெதுவாக, "இதுல யாரும் படுக்கறதில்லைல்லம்மா, சாமான் ரூம்னு எழுதிக்கறேன், சாமான் ரூமுக்கு இந்த முப்பது அடி கிடையாது" என்றார். அவர் பேனா தாளில் பட்டுவிட்டது. நான் ஆமாம் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உன் அப்பா குறுக்கே வந்து, "அது சாமான் ரூம் இல்ல சார், என் பொண்ணு ரூம். அவ வந்தா இங்கதான் படுப்பா" என்றார். அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எப்ப சார் வருவாங்க" என்று கேட்டார். "இந்த வருஷம்" என்றார் உன் அப்பா. அதோடு விடவில்லை, அந்த வலிக்கிற காலோடு உள்ளே போய் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வெளியே மழைச் சேற்றில் போட்டார். அதிகாரி பேனாவை மூடி, திரும்பத் திறந்து, படுக்கை அறை என்று எழுதினார். எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கண்ணு, உன் அப்பாவை நான் இருபது நாளாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும் என்று காலையிலிருந்து மாலை வரை சொல்லிக் காட்டுகிறேன். ஆனால் உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன், அவர் பேசி முடித்த பிறகு நானும் அங்கேதான் நின்றேன். அதிகாரி பேனாவை மூடி நின்ற அந்த நேரத்தில், "சார், அவர் சொல்றத விடுங்க, அவ வரப்போறதில்ல" என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் அதைக் கேட்கத்தான் நின்றார் என்று நினைக்கிறேன். எனக்கு வாய் வரவில்லை. ஊரையே வாயால் ஓட்டுகிறவள் என்று பெயர் எடுத்தவள், மாட்டின் கழுத்தில் கைவைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அப்புறம் அவரை மட்டும் திட்டி என்ன பயன்.

உத்தரவு வந்த மறுநாள் நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். நம் தெருமுனையைத் தாண்டினால் குதிரைச் சவாரிப் பள்ளி இருக்கிறதே, பதினொரு குதிரை, அதன் லாயத்துக்கும் அடுக்குமாடிக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அவர்களுக்கு மட்டும் முப்பது அடி இல்லையா என்று கேட்டேன். "அது விளையாட்டுப் பிரிவும்மா, மாடுதான் கால்நடை" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். குதிரை என்ன கையாலா நடக்கிறது என்றேன், வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். செயலாளர் வீட்டு நாய் ஒரு கன்றுக்குட்டி அளவு இருக்கிறது, ராத்திரி பகல் குரைக்கிறது, அது செல்லப்பிராணி. வசதியுள்ளவன் வைத்திருக்கும் மிருகத்துக்கு ஒரு பெயர், நாம் வைத்திருக்கும் மிருகத்துக்கு இன்னொரு பெயர், பெயரை வைத்துத்தான் விதி போடுகிறார்கள். சுத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாற்றமும் ஈயும் உண்மைதான், சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கவனமாகத்தான் இருக்க வேண்டும். அதைச் சொல்ல ஒரு ஆள் வந்து நம் கொட்டகையில் நின்று இதை இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தால் செய்திருப்போம். கதவில் தாளை ஒட்டிவிட்டு ஓடுகிறவனிடம் என்ன பேச. கடைசியில் பதிவுத்தாள் எடுத்துக் கொடுக்கும் பெண்தான் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அழாதீங்கக்கா, கெடுவுக்குள்ள அறையோட உரிமையாளர் எழுதிக் குடுத்தா மறுபடி பார்ப்பாங்க, அறை யார் பேர்ல இருக்கு" என்று கேட்டாள். என் பெண் பேரில் என்றேன். அவள் ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். அதைத்தான் இதோடு வைத்திருக்கிறேன்.

இப்போது அதை எடுத்துப் படி. முதல் பத்தி உன் பெயர், முகவரி. இரண்டாம் பத்தியில்தான் விஷயம். "மேற்படி அறையில் நான் வசிக்கவில்லை, இனி வசிக்கும் உத்தேசமும் எனக்கு இல்லை, அதனை வைப்பறையாகக் கருதிக்கொள்ளச் சம்மதிக்கிறேன்." கீழே கையெழுத்து. இதற்கு உன்னை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும், நானே உன் கையெழுத்தைப் போட்டுவிடலாம் என்று இரண்டு நாள் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா, நான் பிடித்து எழுதவைத்த கைதானே. பிடிபடுவேன் என்ற பயத்தில் நிறுத்தவில்லை. அந்த வரிக்குக் கீழே உன் பெயரை என் கையால் எழுத முடியவில்லை. அதனால் உனக்கே அனுப்புகிறேன், எனக்கு முடியாததை உன் தலையில் கட்டுகிறேன், அது நியாயமில்லை என்று தெரிந்தேதான் செய்கிறேன்.

நீ வராததற்கு நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்தக் குளிர்கிடங்கில் பெட்டி அடுக்கி அடுக்கி உன் விரல் வெடித்திருப்பதைப் போனில் நீ மறைத்தாலும் குட்டி காட்டிவிட்டாள். உன் குடியிருப்புத் தாள் வராமல் நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள் என்று மாப்பிள்ளை ஒருதடவை என்னிடம் தனியாகச் சொன்னார். ஆறு வருஷமாக அந்தத் தாள் வருகிறது வருகிறது என்கிறீர்கள். உன்னை அங்கே ஒரு விதி வெளியே விடமாட்டேன் என்கிறது, ராங்கியை இங்கே ஒரு விதி வெளியே போ என்கிறது, நடுவில் அந்த மனுஷன் உன் அறையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதிகாரி வந்துபோன நாளிலிருந்து அவர் உன் அறையில்தான் படுக்கிறார், தெரியுமா. மெத்தை உறையைக்கூடப் பிரிக்கவில்லை, கீழே பாய் போட்டுப் படுக்கிறார். ஏன் இப்படித் தரையில் கிடந்து முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டால், "யாராவது ஒருத்தர் படுக்கணும்ல, அந்த ஆள்கிட்ட சொன்னது பொய்யாயிடக் கூடாது" என்கிறார். காலையில் கண் விழித்ததும் அந்தத் தாழ்ந்த ஜன்னல் வழியாக ராங்கியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்திருக்க மனமில்லாமல் கிடக்கிறார். உனக்காக வைத்த ஜன்னல். நேற்று நான் காபி கொண்டுபோனபோது என்னைப் பார்க்காமலே, "நான் வாயைத் திறந்திருக்கக் கூடாதோ" என்று கேட்டார். இத்தனை நாள் திட்டினவள், கேட்டதும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் போனில் அவர் பேசவில்லை. உன்னிடம் பேசினால் எப்போது வருகிறாய் என்று கேட்டுவிடுவோம் என்று பயப்படுகிறார்.

ஆகையால் கண்ணு, அம்மா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறேன். நீ வருவாய் என்பது உண்மையானால், இந்த வருஷமோ அடுத்த வருஷமோ, நிச்சயமாக ஒரு நாள் இருக்கிறது என்றால், இந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கிழித்துவிட்டேன் அம்மா என்று மட்டும் ஒரு வரி எனக்கு எழுது. ராங்கி போனாலும் போகட்டும், நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டு எழுந்து உன் மெத்தை உறையைப் பிரிப்பேன். வர முடியாது என்றால் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. மாடாவது இருக்கும், கன்று பிறக்கும், உன் அப்பா காலையில் எழுந்து செய்ய ஒரு வேலை இருக்கும், அவரைக் கூடத்துக்கு இழுத்துவந்து கட்டிலில் படுக்கவைக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். நீ என்ன செய்தாலும் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வரவும் மாட்டாமல், கையெழுத்தும் போடாமல், அப்புறம் பார்க்கலாம் என்று மேசை இழுப்பறையில் போட்டுவிடாதே. அப்படிச் செய்தால் மாடும் போகும், அந்த அறையும் அப்படியே கிடக்கும். அதைத்தான் எங்களால் தாங்க முடியாது.

கைக்கு இரட்டை உறை போடு, வேலை முடிந்து வந்ததும் எண்ணெய் தேய்த்துக்கொள், சாப்பிடாமல் ஷிப்டுக்கு ஓடாதே. இதைப் படித்துவிட்டு மாப்பிள்ளையிடம் எரிந்து விழாதே, அவர் என்ன செய்வார். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல், நினைத்த காரியம் கைகூடி, யார் விரட்டவும் முடியாத ஒரு கூரைக்குக் கீழே நீண்ட நாள் வாழ வேண்டும், அப்பாவும் அதையேதான் சொல்வார், அவர் சார்பிலும் நானே சொல்லிவிடுகிறேன். குட்டிக்கு என் முத்தம், அவள் மாடு எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்று சொல், இன்றைக்கு அது உண்மை. கையெழுத்துப் போடுவதானால் நீல மையில் போடு, கறுப்பு மை என்றால் நகல் என்று திருப்பிவிடுவார்களாம். இன்னொன்று, மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா ஒருவேளை வாய்விட்டு எப்ப பாப்பா வர்றே என்று கேட்டுவிட்டால், வழக்கம்போல இந்த வருஷம் அப்பா என்று சொல்லாதே. அதைத்தான் அவர் அதிகாரியிடம் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

உன் பதிலுக்கு வாசலையும், ராங்கிக்குக் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா